ஈஸ்வரியின் தோளைப் பிடித்து நடந்த நாள்

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரோட்டைக் கடப்பது யாருக்குமே லேசான காரியம் இல்லை. அன்றைக்கு நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன்.

என் வலது கை என் மனைவி ஈஸ்வரியின் தோளில் இருந்தது. இடது கையை, சற்று முன்னால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கிய ஒருவர் பத்திரமாகப் பிடித்திருந்தார். "மெதுவா வாங்கய்யா. இங்க ஒரு குழி இருக்குதுங்க, காலைத் தூக்கி வைங்க" என்று அவர் சொன்னார். நான் தூக்கி வைத்தேன். அந்தக் குழியை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். தண்ணீர் தேங்கியிருந்ததால் யாரோ ஒரு செங்கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள். செங்கல் இருக்கும் இடம் தெரிந்தும், தெரியாதவனைப் போலத் தண்ணீருக்குள் காலை வைத்தேன். செருப்புக்குள் சேறு ஏறியது.

எனக்குக் கண் தெரியும். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். இதைப் படிக்கிறவர்கள் முதலில் அதைத் தெரிந்துகொண்டுவிட வேண்டும்.

போன வாரம் இந்தப் பத்திரிகையில், பேண்டு செட்டில் நான் கிளாரினெட் வாசித்த காலத்தை எழுதியிருந்தேன். என் மைத்துனர் படித்துவிட்டு, "மாமா, உங்களை நெனைச்சாப் பெருமையா இருக்குதுங்க" என்று போன் செய்தார். இந்த வாரம் அவருடைய ஊருக்குப் புத்தகக் கட்டு போய்ச் சேராமல் இருந்தால் ரொம்ப சந்தோஷப்படுவேன்.

சரணத்தில் நின்ற பாட்டுகள்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பேண்டு செட்டுக்காரனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. எந்தப் பாட்டையும் முழுசாக முடிக்க விடமாட்டார்கள்.

மாப்பிள்ளை அழைப்பு கிளம்பும். பல்லவி முடிந்து சரணத்தை எடுப்பேன். அதற்குள் ஊர்வலம் கோயில் வாசலுக்கு வந்துவிடும். தாய்மாமன் கையைத் தூக்கி, "நிறுத்துங்கப்பா!" என்பார். நிறுத்த வேண்டியதுதான். மறுபடி எடுத்தால், "சீர்த்தட்டு வருது, வேற ஏதாச்சும் துள்ளலாப் போடுங்க" என்பார்கள். நான் ஊதிய பாட்டெல்லாம் சரணத்தில் நின்றுபோன பாட்டுகள்தான். கல்யாண வீட்டில் ஒருத்தர்கூட, "அந்தப் பாட்டு பாதியில நின்னு போச்சே" என்று கேட்டதில்லை. ஏன் கேட்கப்போகிறார்கள்? அவர்களுக்குப் பந்தியில் இடம் பிடிக்கிற அவசரம்.

பிறகு செண்டை மேளம் வந்தது, எங்களைக் கூப்பிடுவது குறைந்தது. எங்கள் லீடர் ட்ரம்மை விற்று ஆட்டோ வாங்கிவிட்டார். அதற்காக நான் ஒன்றும் கண்ணீர் விடவில்லை. ஜரிகை வைத்த அந்தச் சிவப்புக் கோட்டை, எனக்கு முன்னால் எவனெவனோ போட்டு வேர்த்த கோட்டைக் கழற்றிக் கொடுத்த அன்று உடம்புக்குச் சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் மனதில் ஒரு அரிப்பு மட்டும் போகவில்லை. ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். அதை ஒருத்தராவது, பஸ்ஸுக்காக நிற்காமல், பந்திக்காக நிற்காமல், பாட்டுக்காக நின்று கேட்க வேண்டும். ஜெயித்த ஆள் என்று யாரைச் சொல்வீர்கள் என்று என்னைக் கேட்டால், அப்படி ஒருத்தர் கிடைத்த ஆளைத்தான் சொல்வேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் வாசித்தபோது பெட்டியில் விழுந்த காசு எனக்குப் பெரிதாக இருந்ததில்லை என்று நான் இங்கே எழுதினால் ஈஸ்வரி சிரிப்பாள். அதனால் எழுதவில்லை.

ஈஸ்வரிக்கு நல்ல குரல். சக்கரம் வைத்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை வாங்கினோம். போனில் பின்னணி இசை ட்ராக்கைப் போட்டுவிட்டு அவள் பாடுவாள், நான் வாசிப்பேன். முதலில் உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தூண் ஓரமாகத்தான் இருந்தோம். அங்கே ஜோசப் அண்ணன் இருந்தார்.

அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு தனியாகப் பாடுவார். மத்தியானம் பாட்டை நிறுத்திவிட்டு, குச்சியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் பஸ் ஏறிப் போவார். என்னைவிட மூத்தவர். அதிகம் பேசமாட்டார். பாலம் வேலை ஆரம்பித்து எங்கள் இடம் போனதும் நாங்கள் காந்திபுரத்துக்கு மாறினோம். அவர் வரவில்லை. உக்கடத்தின் ஒவ்வொரு படியும் அவருடைய காலுக்குப் பாடம். அதை விட்டு எங்கே போவது?

டாக்டர் சொன்ன கண்ணாடி

இந்த வருஷம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. டாக்டர், "கொஞ்ச நாளைக்கு ஊதக்கூடாது, கண்ணுக்குப் பிரஷர்" என்றார். சும்மா கிடந்தேன். அப்புறம் ஊதலாம் என்றார். "கறுப்புக் கண்ணாடி இனி அவசியமில்லீங்க. வெயிலு, தூசி இருந்தா மட்டும் போட்டுக்கங்க" என்றார்.

காந்திபுரத்தில் வெயிலும் தூசியும் இல்லாத நாளை யாராவது எனக்குக் காட்டட்டும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வாசிக்கப் போனேன்.

போன முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. முன்னெல்லாம் ஜனங்கள் பஸ் போர்டைப் பார்த்துக்கொண்டே ஒரு காதை எங்கள் பக்கம் வைத்திருப்பார்கள். இப்போது நின்றார்கள். எங்களுக்கு நேராகத் திரும்பி நின்றார்கள். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவர்களும் உண்டு. துணிக்கடைச் சீருடையில் ஒரு பெண் தினமும் வருவாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி ஸ்வரம் அடங்குகிற வரைக்கும் நிற்பாள். அதற்கப்புறம்தான் மூச்சு விடுவாள்.

ஐயோ, அந்த நாட்களில் நான் எப்படி வாசித்தேன் தெரியுமா! ஊதுவாய்க்குப் புது ரீடு போட்டேன். அவசரப் பாட்டுகளையெல்லாம் தள்ளிவிட்டு, நிதானமான பழைய மெட்டுகளாகப் பார்த்து எடுத்தேன். சரணம் முழுசும் வாசித்தேன், அதற்கு மேல் கொஞ்சம் என் சொந்த விஸ்தாரமும் சேர்த்தேன். ஒருத்தரும் நகரவில்லை. பக்கத்தில் செல்போன் கவர் விற்கிற முருகேசு என்பவர் தன் குடையை எங்கள் பக்கம் சாய்த்து வைத்தார். டீ வாங்கி வந்து, என் விரலை மடித்து டம்ளரைப் பிடிக்கவைத்து, "சூடுங்கய்யா, பாத்து" என்றார்.

விரலை மடித்த அன்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்தது. புரியாத மாதிரி குடித்தேன்.

ஈஸ்வரி ஒருநாள் வாய் திறந்தாள். "ஏனுங்க, அவங்க உங்களைக் கண்ணு தெரியாதவருன்னு நெனைச்சுட்டு நிக்கறாங்க."

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லோணுமாக்கும்? ரோட்டோரத்துல ஒருத்தர் கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு ஊதுனா, பக்கத்துல ஊட்டுக்காரி நின்னு பாடுனா, சனங்க வேற என்னத்த நெனைப்பாங்க?"

"நானு அப்படிச் சொன்னனா?"

"இல்லைன்னும் சொல்லலீங்களே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீ உன்ற பாட்டைச் சுருதி சேந்து பாடு, அது போதும்" என்றேன். அவளுடைய சுருதியில் ஒரு குறையும் கிடையாது. அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வடவள்ளி வண்டி

அன்றைக்கு ஒரு பாட்டை அப்போதுதான் முடித்திருந்தேன். மருந்துப் பையும் கையுமாக ஒரு அம்மா தவித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, வடவள்ளி வண்டி எதுங்க? ஏனுங்க கண்ணு, வடவள்ளி வண்டி..." என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்தத் தவிப்பைப் பொறுக்க முடியவில்லை. யோசிக்கவே இல்லை. கையை நீட்டி, "அதா பாருங்கம்மா, ரெண்டாவதா வருதே, அதுதானுங்க. வெரசாப் போங்க" என்றேன்.

அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார். நீட்டிய கையை நான் மடக்குவதற்குள் முருகேசு எழுந்துவிட்டார்.

"யோவ், உனக்குக் கண்ணு தெரியுதாய்யா?"

அவர் வந்து சட்டையைப் பிடித்தார். "உன்ற கையில டீ டம்ளரைப் புடிச்சுக் குடுத்தனேய்யா! கொடைய உன்ற பக்கம் சாச்சுப்போட்டு நானு வெயில்ல காஞ்சனே! எங்களையெல்லாம் பைத்தியக்காரன்னு நெனைச்சயா?" அவர் குரல் உடைந்தது. கோபத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது. கூட்டம் சேர்ந்தது. "போலீஸைக் கூப்பிடுங்க" என்றார் ஒருத்தர். "கண்ணாடியப் புடுங்கு" என்றார் இன்னொருத்தர். துணிக்கடைப் பெண் கைப்பையை அணைத்தபடி என்னையே பார்த்தாள்.

'தெரியும்ங்க, ஆபரேஷனுக்காகப் போட்ட கண்ணாடிங்க' என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகத் திறந்துவிட்டேன்.

"அய்யோ சாமி, அவருக்குக் கண்ணு தெரியாதுங்க!"

ஈஸ்வரி. கையில் இருந்த மைக்கை அவள் அணைக்கவில்லை. அது ஸ்பீக்கரில் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. "வண்டிச் சத்தத்தக் கேட்டே எந்த வண்டின்னு சொல்லிப்போடுவாருங்க! அவரை உட்ருங்க!"

முருகேசுவின் பிடி தளர்ந்தது. கூட்டத்தில் ஒரு இளவட்டம் நான் வாசிக்கும்போதே தூக்கிய போனை இறக்காமல் படம் எடுத்தபடி, "அப்படீங்களாய்யா? அப்ப இந்தா வருதே, இது எந்த வண்டிங்க?" என்று கேட்டான்.

வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. போர்டில் எழுத்துப் பளிச்சென்று இருந்தது. புதுக் கண் அல்லவா, முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. நான் தலையைக் கொஞ்சம் சாய்த்தேன். ஏன் சாய்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை, அதுவாக வந்தது.

"சரவணம்பட்டி" என்றேன்.

கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். இத்தனை வருஷம் ஊதியதில் எனக்குக் கிடைக்காத கைதட்டல் அது. பஸ் போர்டைப் படித்ததற்குக் கிடைத்தது. சட்டையைப் பிடித்த வேகத்தில் கிளாரினெட் தரையில் விழுந்து கிடந்தது. யாரோ அதை எடுத்துத் துடைத்து என் கையில் வைத்து, நான் பிடிக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

முருகேசு அழுதார். "தெரியாமப் பண்ணிப்போட்டனுங்கய்யா. மனசுல வெச்சுக்காதீங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நானே கொண்டுபோய் வண்டி ஏற்றிவிடுகிறேன் என்று ஒரே பிடியாக நின்றார். அப்படித்தான் அந்த ரோட்டைக் கடந்தோம். கண்ணாடியின் பக்கவாட்டில் என் கண் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் உண்மையாகவே மூடிக்கொண்டேன். என் கைக்குக் கீழே ஈஸ்வரியின் ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. என் உடம்பு முழுக்கக் கூசியது. மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

துணிக்கடைப் பெண்ணும் பஸ் வரைக்கும் வந்தாள். ஒருத்தரை எழுப்பி என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். வண்டி கிளம்பப்போகும்போது வெளியே நின்று மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, எனக்கு ஊட்ல பெரிய பிரச்சனைங்க. செத்துப்போலாமான்னுகூட நெனைச்சிருக்கனுங்க. உங்களைப் பாத்துத்தான் மனசைத் தேத்திக்கறேன். கண்ணில்லாதவரே இப்படி இருக்காரே, நமக்கு என்ன வந்துச்சுன்னு. பாட்டைப் பத்தியெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

நான் தலையை ஆட்டினேன். அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. வண்டி கிளம்பிவிட்டது.

செல்வபுரத்து வீட்டில்

செல்வபுரத்தில் எங்களுடையது லைன் வீடு. இந்த வீட்டில் பேசினால் அடுத்த வீட்டில் கேட்கும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டே சண்டை போட்டோம்.

"ஏன் புள்ள அப்படிச் சொன்னே?"

"வேற என்னத்தச் சொல்லோணும்? கண்ணாடியப் புடுங்கு புடுங்குன்னு கையை ஓங்கிட்டு வந்தானுங்க. ஆபரேசன் பண்ணுன கண்ணுங்க அது. ஒரு அடி பட்டிருந்தா என்னாகியிருக்கும்? உங்க கண்ணுக்குத்தானுங்க பயந்தேன்."

தப்பு என் பக்கம் இருந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். "கண்ணு போயிருந்தாலும் பரவால்ல. மானம் போச்சே!" என்றேன். "இத்தன வருசத்துல ஒருத்தராச்சும் என்ற வாசிப்புக்காக நின்னாங்களா? கடைசியா ஒரு பொண்ணு நின்னுச்சுன்னு நெனைச்சேன். அதுவும் என்ற கண்ணுக்காக நின்னிருக்குது."

"ஏன், ஜோசப் அண்ணன் கேக்கலீங்களா? தெனமும் பக்கத்துலயே உக்காந்து கேட்டாரே."

"அவரு கெடக்கறாரு" என்றேன். "பஸ்ஸு வர்ற வரைக்கும் குந்தறதுக்கு ஒரு எடம் வேணும், அதுக்கு உக்காந்திருந்தாரு. அவரையெல்லாம் ஒரு கணக்குல சேப்பாங்களா?"

ஈஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கண்ணாடியை எடுத்து அலமாரிக்கு மேலே எறிந்தேன். அதற்கப்புறம் நாங்கள் வாசிக்கப் போகவில்லை. முருகேசுவின் முகத்தில் எப்படி விழிப்பது?

வீட்டைத் தேடி வந்தவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்மதியம். ஈஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் "டக் டக்" என்று சத்தம் கேட்டது. "ராசு தம்பி ஊடு இதுதானுங்களா?" என்ற குரலும் கேட்டது.

ஜோசப் அண்ணன் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டி பஸ் ஸ்டாப்பிலிருந்து வழி கேட்டுக் கேட்டுத் தனியாக வந்திருக்கிறார். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒருநாளும் அவரை நான் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

உள்ளே கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தோம். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உக்கடத்துல ஒரு பையன் போன்ல வீடியோ போட்டானுங்க. கிளாரினெட் சத்தம் கேட்டுது. உங்க வாசிப்பு எனக்குத் தெரியாதா? யாருன்னு கேட்டேன். சத்தத்த வெச்சே பஸ்ஸைச் சொல்ற கண்ணு தெரியாத கலைஞருன்னு படிச்சுக் காட்டுனான்." என் கையைத் தட்டிக் கொடுத்தார். "வெசனப்படாதீங்க தம்பி. எனக்குப் பொறந்ததுல இருந்தே இப்படித்தான், பழகிப்போச்சு. உங்களுக்கு இந்த வயசுல வந்திருக்குது, மொதல்ல செரமமாத்தான் இருக்கும். ஊட்டுக்குள்ள தனியா நடந்து பழகோணும். எதுக்கெடுத்தாலும் ஈஸ்வரி தோளைப் புடிச்சே பழகிப்போடாதீங்க."

துணிப்பையிலிருந்து ஒரு மடக்குக் குச்சியை எடுத்தார். வெள்ளைக் குச்சி, புதுசு. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. என் உள்ளங்கையில் வைத்து, முருகேசு டம்ளரைப் பிடிக்கவைத்த மாதிரியே என் விரல்களை மடித்தார்.

ஈஸ்வரி வெங்காயக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நொடி எனக்கு எல்லாக் கேவலமான யோசனையும் வந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவருக்கு எப்படித் தெரியப்போகிறது?

"அண்ணா, எனக்குக் கண்ணு தெரியும்" என்றேன்.

"கொஞ்சமாச்சும் தெரியுதுங்களா?"

"முழுசாத் தெரியும்ங்கண்ணா. ஆபரேசனுக்கு அப்புறம் முன்னைக்கும் எச்சா, நல்லாவே தெரியுது. சத்தத்த வெச்செல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது. போர்டைப் படிச்சுச் சொன்னேன். அந்த வீடியோ பொய்யுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். 'எங்க பேரைக் கெடுத்துட்டியே' என்பார், குச்சியைப் பிடுங்கிக்கொள்வார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அவர் கையை உயர்த்தி என் முகத்தைத் தேடினார். முகவாய் கிடைத்தது, கன்னம் கிடைத்தது. கண்ணாடி இல்லாத என் இமையை விரலால் தொட்டுப் பார்த்தார். "நெசமாலுமா தம்பி?"

"நெசமாலுங்கண்ணா."

"யேசப்பா!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். ஈஸ்வரி இருந்த பக்கம் திரும்பி, அவளுக்கு அது புதுச் செய்தி என்பது போல, "அம்மணி, கேட்டியா! தம்பிக்குக் கண்ணு தெரியுதாம்! நல்லாத் தெரியுதாம்!" என்றார். அவள் தேம்பிக்கொண்டே, "ஆமாங்கண்ணா" என்றாள்.

"கேட்டதுல இருந்து சோறு எறங்கலீங்க தம்பி. இனி நீங்க வெளியில வந்து வாசிக்கவே மாட்டீங்களோன்னு பயந்துபோனேன். வாங்க, திரும்பி உக்கடத்துக்கே வந்துருங்க. பாலம் வேலை முடிஞ்சு போச்சு. அந்தத் தூணோரத்துல ஆரையும் உக்கார உடாம வெச்சிருக்கேன்." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "எங்கூருக்கு மத்தியானமே ஒரு வண்டி இருக்குதுங்க தம்பி. நீங்க உக்கடத்துல இருந்த வரைக்கும் ஒருநாளும் நானு அதுல போனதில்ல. போனா எனக்கு உங்க பாட்டு பாதியில நின்னு போயிருமே."

அவருக்கு என் முகம் தெரியாது. இருந்தும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.